பெட்டிக்குள் ஓடிய கடிகாரம்

இம்மானுவேலைக் கிடத்தியிருந்த பெட்டிக்குள் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

ராஜாத்தி வரிசையில் நின்று, கொண்டுவந்த மாலையைக் கால்மாட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். மார்பின் மேல் சேர்த்து வைத்த இரண்டு கைகள் தெரிந்தன. விரல்களைச் சுற்றி ஜெபமாலை. இடது சட்டைக் கையை ஒரு மடிப்பு மடித்துவிட்டு, அவள் ஒரு வருசத்துக்கு மேலாக உட்கார்ந்து அறுத்துச் செதுக்கிய கைக்கடிகாரத்தை மணிக்கட்டில் கட்டியிருந்தார்கள். கண்ணாடிக்கு அடியில் பேலன்ஸ் சக்கரம் இப்படியும் அப்படியும் துடித்துக்கொண்டிருந்தது. அந்த உடம்பில் அது ஒன்றுதான் அசைந்தது.

அவளுக்குப் பின்னால் நின்ற கணவன் சுருளியும் பார்த்துவிட்டான்.

"ஐயோ, வாட்சு!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டான்.

ஒப்பாரி சட்டென்று நின்றது. கல்லறைத் தோட்டத்தில் கூடியிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இம்மானுவேலின் மகன் ஏசுதாசன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"என்னண்ணே?"

"தம்பி, வாட்சு கையிலயே இருக்கு. கழட்ட மறந்துட்டீக."

"மறக்கல. அம்மாதான் கட்டிவிட்டுச்சு. அப்பாகூடவே போகட்டும்னு சொல்லிருச்சு."

"மண்ணுக்குள்ளயா?" சுருளி பெட்டியைக் கைகாட்டினான். "தம்பி, அது என்னான்னு தெரியுமா உனக்கு?"

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த இம்மானுவேலின் மனைவி மரியபுஷ்பம் முக்காட்டை விலக்கி நிமிர்ந்தாள். அழுது வீங்கிய முகம். ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"அவுக கேட்டுக்கிட்டது அது. அதுல யாரும் கை வைக்கப்படாது. சொல்லிட்டேன்."

ராஜாத்தி சுருளியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓரமாகப் போனாள். அவள் கால்கள் தன்பாட்டுக்கு நடந்தன. சாமியார் தீர்த்தம் தெளித்து ஜெபம் சொல்வது எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. மரியபுஷ்பம் கடைசியாக ஒருமுறை கணவரின் மார்பில் விழுந்து கதறினாள். நான்கைந்து பெண்கள் சேர்ந்து அவளைப் பிரித்து எடுத்தார்கள். மூடியை வைத்து ஆணி அடித்தார்கள். கயிறு கட்டி இறக்கினார்கள். முதல் மண் பெட்டியின் மேல் விழுந்த சத்தம் கேட்டதும் ராஜாத்தி வேலிக்கருவை நிழலில் குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் சுருளி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்.

"நேத்துக் காலையில சாவி குடுத்திருப்பாக. இன்னைக்குப் பொழுது சாயற வரைக்கும் ஓடும்."

"சும்மா வாங்க" என்றாள் ராஜாத்தி.

ஆனால் அன்று சாயங்காலம் வெளிச்சம் மங்கும்வரை அவள் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து, அடுப்புப் பற்றவைக்காமல், மண்ணுக்கு அடியில் ஒரு சக்கரம் சோர்ந்துபோய் நிற்பதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

ராஜாத்தியின் அப்பா உத்தமபாளையத்தில் நகை ஆசாரி. தாலி முகப்பிலும் வளையலிலும் பூவேலை செதுக்கும் நகாசு உளி அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்பே கைவந்திருந்தது. சுருளிக்குக் கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் வாட்ச் கடை. பெங்களூரில் ஒரு வாட்ச் கம்பெனியில் வேலை பழகி வந்தவன். கல்யாணமான புதிதில், கடையில் சும்மா கிடந்த பாக்கெட் வாட்ச் ஒன்றின் மூடியில் அவள் விளையாட்டாக ஒரு மயிலைச் செதுக்கினாள். சுருளி அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்தான். அதைப் பார்த்துத்தான் இம்மானுவேல் கடைக்குள் நுழைந்தார்.

ராயப்பன்பட்டியில் திராட்சைத் தோட்டமும் மலைமேல் ஏலத்தோட்டமும் உள்ள மனிதர். கடிகாரம் என்றால் பித்து. சில நாள் இரண்டு கையிலும் வாட்ச் கட்டிக்கொண்டு, வெட்கமே இல்லாமல் கடைத்தெருவில் நடந்து வருவார். கொச்சியிலும் பெங்களூரிலும் அவரைப் போலவே கடிகாரம் சேர்க்கிறவர்கள் அவருக்குச் சிநேகிதம். இரண்டாயிரத்து நான்காம் வருசம் தைப்பொங்கல் கழிந்த ஒரு நாள், கைக்குட்டையில் சுற்றிய ஒரு பழைய ஸ்விஸ் வாட்ச் மெஷினைக் கொண்டுவந்து சுருளியின் மேசையில் வைத்தார்.

"எலும்புக்கூடு வாட்சு பாத்திருக்கியா சுருளி?"

"பெங்களூர்ல ஒருதரம் பாத்திருக்கேன் ஐயா. டயலே இருக்காது."

"அதேதான். தகட்டை எல்லாம் அறுத்து எடுத்துட்டு, சக்கரத்தைத் தாங்குற அளவுக்கு மட்டும் உலோகத்தை விட்டு வைக்கணும். மிச்சம் இருக்குறதுல பூராவும் செதுக்கல். கையில கட்டுனா அந்தப் பக்கம் தோல் தெரியணும். உன் வீட்டுக்காரியால முடியுமா?"

திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ராஜாத்தி வெளியே வந்தாள்.

"என்ன செதுக்கணும்? மயிலா?"

"மயில் வேணாம் தாயி. பந்தல். திராட்சைப் பந்தல் வேணும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. சுருளி மெஷினைப் பிரித்து, தகட்டில் எங்கெங்கே பாரம் தாங்குகிறது என்று புள்ளி வைத்துக் கொடுப்பான். "இங்கன தொடாத. இங்கன போனா சக்கரம் சாஞ்சிரும்." அவள் தகட்டை அரக்கில் பதித்து, ஊசித்துளை போட்டு, தலைமுடி போன்ற ரம்பத்தை அதற்குள் நுழைத்து அறுப்பாள். மூச்சை விட்டால் கோடு கோணும். அறுத்த விளிம்பை எல்லாம் சரிவாக அராவி, கண்ணாடியாக மினுக்க வேண்டும். அதன்பிறகு உளி. சுத்தியல் இல்லை, உள்ளங்கையால் தள்ளித் தள்ளியே கொடியின் ஒவ்வொரு நரம்பும்.

முதல் தகடு பாழாய்ப் போனது. வேலை பாதிக்கு மேல் முடிந்திருந்த நேரத்தில் ஆசை மீறி ஓரிடத்தில் மெலிதாக அறுத்துவிட்டாள். தகடு வளைந்துவிட்டது. இம்மானுவேல் வந்தபோது அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் அந்தத் தகட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "பந்தல்னா ஒரு காத்துக்குச் சாயத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் அதேபோல் இன்னொரு மெஷினைத் தேடிக் கொண்டுவந்தார்.

இரண்டாவது தகட்டுக்குமுன் அவள் காகிதத்தில் பெரிதாகக் கொடியை வரைந்து காட்டினாள். அப்பாவின் பட்டறையில் பழகிய கொடி. அவர் அதை நெடுநேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வருகிறவர்போல் வாயெடுத்தார். பிறகு, "நல்லாருக்கு தாயி. வெட்டு" என்றார்.

வேலை முடிந்தபோது, அந்தச் சின்ன வட்டத்துக்குள் ஒரு தோட்டமே நின்றது. தாங்கு தகடுகள் பந்தல் கால்களாக நின்றன. அவற்றைச் சுற்றி இலையும் கொடியும் ஏறின. சக்கரம் சுழலும் இடங்களில் பதித்த சிவப்புக் கற்கள், இலைகளுக்கு நடுவே பழுத்த பழங்களாகத் தெரிந்தன. சுருளி மெஷினைக் கோத்துச் சாவி கொடுத்தான். ஓடியது. அவன் அழுதுவிட்டான். ராஜாத்தி அழவில்லை. கழுத்து வலியோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கையா இதைச் செய்தது என்று அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

மறுவருசம் மே மாதம் பெங்களூரில் கடிகாரம் சேர்ப்பவர்களின் கண்காட்சி ஒன்று நடக்க இருந்தது. அவர்கள் இருவரையும் அழைத்துப்போய், வந்தவர்களுக்கு எல்லாம் காட்டுவதாக இம்மானுவேல் சொல்லியிருந்தார். "உங்க ரெண்டு பேரையும் உலகத்துக்குத் தெரியணும்யா." அதை நம்பிச் சுருளி மற்ற ரிப்பேர் வேலைகளைக்கூடக் குறைத்திருந்தான். ஏப்ரலில், தோட்டத்தில் பந்தலுக்கு அடியில் நடந்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் உயிர் போய்விட்டது.

கடிகாரத்தை ஸ்டுடியோவில் ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தார்கள். அதில் கண்ணாடியின் பளபளப்பு அடித்து, ஒரு வெள்ளை வட்டம் மட்டும்தான் விழுந்திருந்தது.

ராஜாத்தியால் அதன்பிறகு உளியைத் தொட முடியவில்லை. தாலிக்குப் பெயர் பொறிக்கக் கேட்டு வந்த தெரிந்தவர்களைக்கூடத் திருப்பி அனுப்பினாள். சமையல் செய்யும்போது, துணி துவைக்கும்போது, திடீரென்று கை நின்றுவிடும். "மண்ணுக்குள்ள" என்று வாய் முணுமுணுக்கும். சுருளிக்குத் துக்கம் கோபமாக மாறியது.

"குடுத்தது நாம. அது அவுக பொருளுதான், இல்லைங்கல. ஆனா பொதைக்கிறதுக்கா செஞ்சோம்? அந்தப் பொம்பளைக்கு நெஞ்சு இருக்கா?"

ராஜாத்திக்கும் அதே கேள்விதான். மரியபுஷ்பத்தின் அந்தத் தெளிவான குரலை நினைக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ கொதித்தது.

ஜூன் மாதம் சாரல் பிடித்தது. மலைப்பக்கம் இருந்து தூறல் இறங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியான நேரம், சுருளி சாப்பிட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தான். தூக்குவாளியைக் கழுவி எடுத்துப்போக ராஜாத்தியும் வந்திருந்தாள். குடையை மடக்கியபடி ஒரு பெண் வாசலில் நின்றாள். வெளிர்நிறச் சேலை, கழுத்தில் சிலுவைச் சங்கிலி. மரியபுஷ்பம்.

சுருளி எழுந்து நின்றானே தவிர, வாங்க என்று சொல்லவில்லை.

"கதவக் கொஞ்சம் எறக்கி விடுங்க தம்பி" என்றாள் அவள்.

அவன் ஒன்றும் புரியாமல் ஷட்டரைப் பாதி இறக்கினான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரவிக்கைக்குள் கைவிட்டு ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்தாள். பல்லால் கடித்து அவிழ்த்து, மேசைமேல் வைத்தாள்.

ராஜாத்தியின் கையிலிருந்த தூக்குவாளி கீழே விழுந்து உருண்டது.

அதே பந்தல். அதே இலை. அதே சிவப்புக் கல்.

"பொதச்சதத் தோண்டிட்டாகளா?" ராஜாத்தி மேசைக்குக் கிட்டே வந்தாள். "அம்மா... கல்லறையத் தோண்டிட்டாகளா?"

"இல்ல ஆத்தா. இது மண்ணுக்குள்ள போகவே இல்ல."

சுருளி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான். கடிகாரத்தை எடுக்க அவன் கை நீளவில்லை. மண்ணில் புதைந்துபோனது திரும்பி வந்தால் மனிதன் எப்படித் தொடுவான்?

"வாட்சோட வாரக் கொக்கியில நான் மாட்டவே இல்ல" என்றாள் மரியபுஷ்பம். "சும்மா சொருகித்தான் விட்டேன். கடைசியா அவுக மேல விழுந்து அழுதேன்ல, அப்ப முக்காட்டுக்குள்ள உருவிக்கிட்டேன். நாலு பேரு பிடிச்சு இழுத்தாக. ஒருத்தருக்கும் தெரியல."

"ஏம்மா?" என்றாள் ராஜாத்தி.

"ஏன்னா கேக்குற? அன்னைக்கு விடியக்காலம் இன்னும் அவுகளக் குளிப்பாட்டவே இல்ல. கொச்சிக்காரரு போன் போட்டாரு, அந்த வாட்ச எனக்குத்தான் தரணும்னு. அவுக தம்பி வந்து, அண்ணன் ஞாபகமா எனக்கு வேணும்னாரு. எம் மகன் உள்ள வந்து பீரோச் சாவி எங்கன்னு கேக்குறான். எல்லாருக்கும் முன்னாடி எடுத்துக் கையில கட்டி, கூடவே போகட்டும்னு சொன்னேன். வாய மூடிக்கிட்டாக."

"அவுக கேட்டுக்கிட்டதுன்னு சொன்னீகளே?" என்றான் சுருளி.

"கேட்டுக்கிட்டது நெசந்தான். நான் செத்தா இதக் கட்டி அனுப்பு புஷ்பம்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாக. கட்டி அனுப்பிரலாம்னுதான் இருந்தேன். ஆனா ஓடிக்கிட்டு இருக்கே. அவுக முந்தின நாள் காலையில குடுத்த சாவி. ஆளு போயிட்டாக, அவுக குடுத்த சாவி அதுக்குள்ள இன்னும் இருக்கு. அத எப்படி ஆத்தா மண்ணுக்குள்ள விடுவேன்?"

சாரல் ஷட்டரின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"அன்னைக்கிலருந்து நிக்க விடல. இதுக்கு முன்னாடி இதத் தொட்டதுகூட இல்ல. காலையில எந்திரிச்சதும் அவுக திருகுற மாதிரியே திருகுவேன். முந்தாநாள் திருகும்போது உள்ள டப்புனு ஒரு சத்தம். அதோட நின்னு போச்சு. வேற எங்கயும் காட்ட முடியாது. உங்ககிட்ட வரவும் எனக்குப் பிடிக்கல."

ராஜாத்தி நிமிர்ந்தாள். "எங்ககிட்ட வர ஏன் பிடிக்கல?"

மரியபுஷ்பம் அவளை நேராகப் பார்த்தாள்.

"நீயும் அன்னைக்கு வந்த. பெட்டிகிட்ட நின்ன. நான் உன்னையே பாத்துக்கிட்டிருந்தேன் ஆத்தா. மாசத்துக்கு ரெண்டு தடவ உன்னப் பாக்க வந்த மனுசன். வீட்டுல ராஜாத்தி ராஜாத்தின்னு உன் கைவேலையப் பத்தியே பேசுனவரு. நீ அவுக கையத்தான் பாத்த. அவுக மொகத்த ஒரு தடவகூடப் பாக்கல."

ராஜாத்தி இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த நாளை மனசுக்குள் திருப்பிப் பார்த்தாள். மாலை, ஜெபமாலை, மடித்த சட்டைக் கை, துடிக்கும் சக்கரம் எல்லாம் அப்படியே இருந்தன. கழுத்துக்கு மேலே ஒன்றுமே இல்லை. தலைக்குத் தலையணை வைத்திருந்தார்களா, கண்ணாடி போட்டிருந்தார்களா, மீசையைச் சீவியிருந்தார்களா, எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. மண் விழுந்த சத்தத்தில் குந்தி உட்கார்ந்தது, அடுப்புப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தது எல்லாம் கடிகாரத்துக்காக. அந்த மனிதருக்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பது இத்தனை நாள் கழித்து, இன்னொருத்தி சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

சுருளியும் தலையைக் குனிந்துகொண்டான். கல்லறைத் தோட்டத்தில் "ஐயோ, வாட்சு" என்று கத்தியவன் அவன்தான்.

"பாக்கல" என்றாள் ராஜாத்தி கடைசியில். "நெசமாவே பாக்கலம்மா."

மரியபுஷ்பம் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. அவள் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, சரி பண்ணுங்க தம்பி" என்றாள்.

சுருளி லென்ஸைக் கண்ணில் மாட்டினான். பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "மெயின் ஸ்பிரிங் அறுந்து போச்சும்மா. வேற மாத்தணும்" என்றான்.

"மாத்துறதுன்னா?"

"சாவி குடுக்கறப்போ உள்ள சுருள்ற வில்லு அது. பழச எடுத்துப் போட்டுட்டுப் புதுசு போடணும்."

"அப்ப..." அவள் தயங்கினாள். "அவுக குடுத்த சாவி?"

சுருளி ராஜாத்தியைப் பார்த்தான். அறுந்த வில்லில் என்ன மிச்சம் இருக்கும்? அறுந்த கணத்திலேயே அதன் முறுக்கு எல்லாம் போய்விட்டது. அதைச் சொல்லாமலும் இருக்க முடியாது.

"அது போச்சும்மா" என்றாள் ராஜாத்தி.

மரியபுஷ்பம் தலையை ஆட்டினாள். அவள் அழுவாள் என்று இருவரும் நினைத்தார்கள். அழவில்லை. "ரெண்டு மாசம் பிடிச்சு வச்சிருந்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

மெஷினைப் பிரித்து, அளவான வில்லைத் தேடிப் போட்டு மறுபடி கோக்க மத்தியானம் முழுக்க ஆனது. ராஜாத்தி டீ வாங்கிவந்து கொடுத்தாள். கோப்பதற்கு முன், பிரித்த தகடு துணிமேல் தனியாகக் கிடந்தபோது மரியபுஷ்பம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குள்ள என்னதான் இருக்குன்னு எனக்கு ஒருநாளும் காட்டுனதில்ல. நானும் கேட்டதில்ல. கோவம். பந்தலுக்கு அடியில எங்கூட நடக்குற நேரம் போயி, ரூமுக்குள்ள இத வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாக."

ராஜாத்தி லென்ஸைத் துடைத்து அவள் கண்ணில் பொருத்தினாள். தகட்டை இடுக்கியால் பிடித்து விளக்குக்கு நேரே உயர்த்தினாள்.

"இன்னொரு கண்ண மூடாதீக. கிட்டக்க வாங்க. தெரியுதா?"

பந்தல் கால், இலை, நரம்பு என்று ஒவ்வொன்றாக மரியபுஷ்பத்தின் தலை அசைந்து அசைந்து போயிற்று. பிறகு யாரும் எதிர்பாராதபடி அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்.

"என்னம்மா?"

"சுருள்கொடி தப்பான எடத்துல மொளச்சிருக்கு ஆத்தா."

"தப்பா?"

"பந்தலப் பிடிச்சு ஏறுற சுருள்கொடி இலக்காம்புக்கு அடியிலருந்து வராது. இலைக்கு நேரெதிர்ப் பக்கமாத்தான் வரும். கொலையும் அப்படித்தான் தொங்கும். நீ எல்லாத்தையும் காம்புக்கு அடியிலயே சொருகி வச்சிருக்க."

ராஜாத்தி தகட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி, லென்ஸை மாட்டிப் பார்த்தாள். ஒரு வருசத்துக்கு மேல் அந்தக் கொடிகளோடுதான் அவள் வாழ்ந்தாள். ஒவ்வொரு வளைவும் கண்ணை மூடினால் தெரியும். இதில் ஒரு குறை இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள். ஒன்றுகூட விடாமல், எல்லாமே தப்பு. அப்பாவின் பட்டறைக் கொடியையே அவள் வெட்டியிருக்கிறாள். பஸ்ஸில் போகும்போதெல்லாம் இரண்டு பக்கமும் பந்தல்கள்தான். ஒருநாளும் இறங்கி ஓர் இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

"அவுகளுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். கேட்கும்போதே, வரைந்த காகிதத்தை அவர் வெகுநேரம் பார்த்ததும், ஏதோ சொல்ல வாயெடுத்ததும் நினைவுக்கு வந்தன.

"தெரியாமலா? பொறந்ததுலருந்து பந்தலுக்கு அடியில கெடந்த மனுசன்."

"அப்புறம் ஏன் சொல்லல? அப்பவே சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனே! தகட்டுல வெட்டுனா வெட்டுனதுதான்மா, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

"நான் வச்ச கொழம்புல உப்பு இல்லாட்டியும் சொல்ல மாட்டாக" என்றாள் மரியபுஷ்பம். "ரெண்டாந்தரம் சோறு வாங்கிச் சாப்பிடுவாக. அப்படி ஒரு ஆளு."

சொல்லிவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள். ராஜாத்தியும் அழுதாள். ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மரியபுஷ்பத்தின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஏப்ரல் மாதம் அழ வேண்டியதை அழுதாள். சுருளி இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு திருப்புளியை ஓட்டினான்.

கடிகாரம் தயாரானதும் சுருளி அதை மேசைமேல் வைத்தான். சாவி கொடுக்கவில்லை. மரியபுஷ்பம் எடுத்து, இரண்டு விரலால் திருகினாள். பயந்து பயந்து, கொஞ்சமாக. சக்கரம் துடிக்கத் தொடங்கியது.

"முழுசாக் குடுங்க, ஒண்ணும் ஆகாது" என்றான் சுருளி. பிறகு பொறுக்க மாட்டாமல், "அம்மா, இதை ஒரே ஒரு தடவ பெங்களூருக்கு..." என்று ஆரம்பித்தான்.

ராஜாத்தி அவனைப் பார்த்த பார்வையில் அவன் வாக்கியம் அங்கேயே நின்றது.

மரியபுஷ்பம் கடிகாரத்தை முடிந்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு குடையை எடுத்தாள். வாசலில் நின்று, "கொடியக் கவாத்து வெட்டி முடிஞ்சு தளிர் வரும்போது தோட்டத்துக்கு வா ஆத்தா. பாத்துக்கிட்டு வரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கவாத்து முடிந்ததும் ராஜாத்தி போனாள். முதலில் தோட்டத்துக்குப் போகவில்லை, அவர்கள் வீட்டுக்குப் போனாள். கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருந்த இம்மானுவேலின் படத்துக்கு முன்னால் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். இடது புருவம் கொஞ்சம் உயர்ந்திருந்தது. கீழ்த்தாடையில் ஒரு பழைய தழும்பு. அத்தனை மாதம் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு அப்படி ஒரு தழும்பு இருந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. பிறகு பந்தலுக்கு அடியில் நின்று, கழுத்து வலிக்க அண்ணாந்து, தளிரையும் சுருள்கொடியையும் பார்த்தாள்.

அடுத்த கடிகாரத்தை ராஜாத்தியும் சுருளியும் தாங்களாகவே ஆரம்பித்தார்கள். சுருளி ஒரு பழைய மெஷினைத் தேடிப் பிடித்தான். கொடி இந்தமுறை சரியாக ஏறியது. ஆனால் முதல் கடிகாரத்தில் இருந்த ஏதோ ஒரு வேகம் இதில் இல்லை என்று ராஜாத்திக்குப் பட்டது. சுருளியிடம் அதைச் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து ஏழில் அதைப் பெங்களூர் கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். வந்தவர்கள் லென்ஸை மாட்டிக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கம்பத்தில் இப்படி ஒரு கையா என்று வியந்தார்கள். கூட்டத்தில் நரைத்த தாடி வைத்த மலையாளி ஒருவர் நெடுநேரம் விலகாமல் நின்றார். இம்மானுவேலின் அடக்கத்தன்று விடியக்காலம் போன் போட்ட கொச்சிக்காரர் அவர்தான் என்பது பேச்சில் தெரிந்தது.

"இம்மானுவேல் சாரோட வாட்சும் உங்க வேலையல்லே?" என்று கேட்டார் அவர். "நான் அதைக் கண்டதில்ல. போன்ல சொன்னது மட்டும் கேட்டேன். மண்ணுல போட்டுன்னு அவர் மகன் சொல்றான். எனக்கு விசுவாசம் வரல. சத்தியமா மண்ணுலதானா?"

சுருளியின் கண்கள் விரிந்தன. ராஜாத்தி அவன் கையை மேசைக்கு அடியில் அழுத்தினாள். தன் வாழ்நாளின் ஆகச்சிறந்த வேலையைப் பற்றி அந்த மனிதர் கேட்கிறார். அது இருக்கிறது, ஓடுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கே ராயப்பன்பட்டியில் மரியபுஷ்பத்தின் வாசலில் கார் நிற்கும்.

"ஆமாங்க" என்றாள். "பெட்டிய மூடும்போது நானும் அங்கனதான் இருந்தேன். கையிலதான் கட்டியிருந்தாக. என் கண்ணால பாத்தேன்."

கொச்சிக்காரர் உச்சுக்கொட்டினார். "எத்தற பெரிய நஷ்டம்" என்று தலையை ஆட்டியபடி அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

சுருளி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை வருசத்தில் அவள் பொய் சொல்லி அவன் கேட்டதில்லை. அவள் லென்ஸைத் துடைத்து, வரிசையில் அடுத்து நின்றவரிடம் நீட்டினாள்.